மூத்த ஹாம்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துப் பிறரோடு தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலியாளர்களை ஹாம்கள் என்பார்கள். அவர்களில் ஒருவர் காலமானால் அவரைச் 'சைலன்ட் கீ', அதாவது மோர்ஸ் அனுப்பும் விசை மௌனமாகிவிட்டது, என்று குறிப்பிடுவது உலகெங்கும் உள்ள ஹாம்களின் வழக்கம். அந்தச் சொல் ஒருவருடைய அழைப்புக்குறிக்கு (வானொலியில் அவரை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி) பக்கத்தில் அச்சாகி வந்த பிறகுதான், அவரிடம் கேட்டிருக்க வேண்டியவை நமக்கு நினைவுக்கு வருகின்றன. அதற்குள் அவருடைய வானொலி அறை காலியாகியிருக்கும்; கருவிகளை யாரோ வாங்கிப் போயிருப்பார்கள், ஒவ்வொரு தொடர்பையும் குறித்துவைத்த லாக் புத்தகங்கள் பழைய காகிதக் கட்டோடு போயிருக்கும். தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தள்ளிப்போடாமல் நேரில் போய் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரு நிலையத்தின் கதையைத்தான் வாங்கி வருகிறார்கள். எத்தனை வாட், என்ன ஆன்டெனா, எத்தனை நாடுகளோடு பேசினார், எந்த விருதுகளைப் பெற்றார் என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. இந்த விவரங்கள் சான்றிதழ்களிலும் லாக்கிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. கேட்பவரும் ஹாமாக இருந்தால் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்ந்துவிடுகிறது. இருவரும் பழைய கருவிகளின் வால்வுகளைப் பற்றியே பேசி மகிழ்ந்து எழுந்துவிடுவார்கள். அவர் கையில் முதன்முதலில் மோர்ஸ் கீயைக் கொடுத்தவர் யார், வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் இதற்கான நேரத்தை எங்கிருந்து எடுத்தார், நள்ளிரவு வரை ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவரை வீட்டார் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பவற்றுக்கு எந்தச் சான்றிதழிலும் பதில் இல்லை. கடைசிக் கேள்வியை அவருடைய மனைவியிடமோ கணவரிடமோ தனியாகக் கேட்பது நல்லது. அதே ஆண்டுகளை அந்த வீட்டின் இன்னொரு அறையிலிருந்து பார்த்தவர் அவர்.

அடுத்த தவறு வெறுங்கையோடு போவது. "உங்களால் மறக்க முடியாத தொடர்பு எது?" என்று கேட்டால், அவர் பல கூட்டங்களில் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரே கதையைத்தான் மறுபடியும் சொல்வார். அதற்குப் பதிலாக அவருடைய பழைய லாக் புத்தகத்தை மேசையில் விரித்து, இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும். தேதி, நேரம், அலைவரிசை, எதிர்நிலையத்தின் அழைப்புக்குறி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றை அடுத்து, மோர்ஸ் தொடர்பானால், மூன்று இலக்க அறிக்கை ஒன்று. 599 என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும் பக்கத்தில் திடீரென்று ஒரு 576 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 என்பது தெளிவாகப் படிக்க முடிந்ததையும், 7 சமிக்ஞையின் வலிமையையும், 6 அதன் தொனியையும் சொல்கின்றன. தொனிக்கு 9 கிடைக்காமல் 6 கிடைத்தது என்றால், அந்த ஒலியில் மின்வழங்கியின் சிற்றலை கலந்து கரகரத்திருக்கிறது. 'யாருடைய கருவி இது?' என்று அந்த ஒற்றை இலக்கத்தின்மேல் விரலை வைத்துக் கேளுங்கள். கிடைத்த பாகங்களைக் கொண்டு ஒருவர் சொந்தமாகக் கட்டிய டிரான்ஸ்மிட்டரின் கதை அங்கிருந்து வரக்கூடும்.

எழுதப்பட்ட வரிகளைவிட எழுதப்படாத வாரங்கள் அதிகம் பேசும் என்பது என் கருத்து. நாள்தோறும் பதிவுகள் இருந்த லாக்கில் நான்கு மாதம் ஒன்றுமில்லை என்றால், அந்த இடைவெளியில் பணியிட மாற்றமோ, குழந்தையின் பிறப்போ, நோயோ, சாவோ இருந்திருக்கும். அந்த வெற்றிடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்வார். விரும்பாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். மௌனத்தைப் பொறுக்க முடியாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிற பழக்கத்தால் எத்தனையோ நல்ல நினைவுகள் பாதியில் நின்றுபோகின்றன.

நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பதில் நேரும் பிழைகள் சிறியவையாகத் தோன்றினாலும் பின்னால் வருபவர்களைக் குழப்பிவிடும். லாக்கில் உள்ள நேரம் உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 3/4/58 என்ற தேதி ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. அழைப்புக்குறியை மட்டும் நம்பி ஒருவரை அடையாளம் காண்பதும் ஆபத்து, ஏனெனில் பல நாடுகளில் ஒருவர் விட்டுச்சென்ற குறி சில காலத்துக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. அழைப்புக்குறியின் தொடக்கத்தில் நாட்டைக் காட்டும் முன்னொட்டுகளும் மாறியிருக்கின்றன; இசட்.டி.4 என்று ஒலித்த கோல்டு கோஸ்ட், 1957இல் கானாவாக விடுதலை பெற்ற பிறகு 9.ஜி. ஆனது.

பெரியவரின் நினைவும் ஆவணமும் முரண்பட்டால் அவர் பேச்சை வெட்டித் திருத்தாதீர்கள். முரண்பாட்டைத் தனிக்குறிப்பாக எழுதி வையுங்கள். மிகையாகத் தோன்றுவதெல்லாம் மிகையாக இருப்பதும் இல்லை. 1950களின் இறுதியில் மிகக் குறைந்த திறனோடு 28 மெகாஹெர்ட்ஸில் கடல்களைத் தாண்டிப் பேசினேன் என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தணிபவை; அவை பெருகும்போது இந்த அலைகள் வெகுதூரம் போய்ச் சேரும். முறையாகப் பதிவான சூரியச் சுழற்சிகளில் மிக வலிமையான உச்சம் 1957-58இல் வந்தது.

ஒலிப்பதிவில் நேரும் தவறுகளைத் திரும்பப் போய்ச் சரிசெய்ய முடியாது. பேட்டியைப் பெரியவரின் வானொலி அறையில் நடத்துவது அவருக்கு இயல்பாக இருக்கும் என்றாலும், மின்வழங்கிகளின் முணுமுணுப்பும் விசிறிச் சத்தமும் பதிவு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். தேவையற்ற கருவிகளை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மூலப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 பிரதியைப் பிறருக்கு அனுப்பப் பயன்படுத்தலாம்.

இங்கே பெரும்பாலோர் தவறவிடுவது அவருடைய கை. மோர்ஸ் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கையெழுத்தைப் போலவே தனிப்பட்ட ஒரு நடை உண்டு. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியை வைத்தே, பெயரைச் சொல்வதற்கு முன்னால் நண்பர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அவர் பழகிய கீயிலேயே தம் அழைப்புக்குறியையும் '73' என்ற வாழ்த்தையும் அனுப்பச் சொல்லி, மணிக்கட்டின் அசைவு தெரியும்படி பக்கத்திலிருந்து காணொளியும் எடுங்கள். கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி மோர்ஸ் ஒலியையே இரைச்சலென்று கருதி மழுக்கிவிடக்கூடும் என்பதால் அதை முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். கை நடுங்குகிறது என்று அவர் தயங்கினால், அந்த நடுக்கமும் அவருடையதுதான் என்று அன்போடு சொல்லுங்கள். ஆனால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த வால்வுக் கருவியை இதற்காகத் திடீரென்று மின்சாரத்தில் இணைக்க வேண்டாம். உலர்ந்துபோன மின்தேக்கிகள் வெடிக்கலாம். மோர்ஸ் ஒலியை மட்டும் எழுப்பும் ஒரு சிறிய பயிற்சி ஆஸிலேட்டர் போதும்.

தொடர்பை உறுதிசெய்து ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளைப் பொறுத்தவரை, படம் உள்ள பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்வது வீண் வேலை. எதிர்நிலையத்தார் தம் கைப்பட எழுதிய இரண்டு வரிகள் மறுபக்கத்தில் இருக்கலாம். ஒட்டும் ஆல்பமும் ரப்பர் பேண்டும் வேண்டாம். அட்டைகளை அவர் அடுக்கி வைத்திருந்த வரிசையையும் கலைக்க வேண்டாம். வீட்டு முகவரிகள் இருப்பதால் எல்லாவற்றையும் அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுவதும் சரியல்ல. இத்தகைய சேகரங்களை ஏற்றுக் காக்கும் இடங்கள் இருக்கின்றன: வியன்னாவில் உள்ள டோக்குஃபுங்க் ஆவணக்காப்பகம் கியூ.எஸ்.எல். அட்டைகளுக்குப் பெயர்பெற்றது, இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022இல் அமெச்சூர் வானொலிக்கென்று தனி மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது.

எதை வெளியிடலாம், எதை அவர் காலத்துக்குப் பிறகே வெளியிடலாம், அப்போது முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் விடுவது நல்ல பதிவையும் பெட்டிக்குள் பூட்டிவிடும். பேரிடர்க் காலங்களில் அவர் வழியாகப் போன செய்திகளில் பிற குடும்பங்களின் துயரம் இருக்கும். அந்தப் பெயர்களை மறைப்பது அவசியம்.

பேச்சை எழுத்தாக்கியபின் அவரிடம் காட்டாமல் முடித்துவிடாதீர்கள். ஹாம்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ குறியீடுகளையும் அழைப்புக்குறிகளையும் மென்பொருள் கண்டபடி எழுதிவைக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், அப்போதும் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு பெயரைத் திருத்தப்போய், முதல் முறை விட்டுப்போன ஓர் இரவை அவர் முழுவதுமாகச் சொல்லத் தொடங்கலாம்.