சின்ன டிசி மோட்டாரைக் கருக விடாமல் ஓட்டுவது எப்படி?

பொம்மைக் கார், கையடக்க ஃபேன், குட்டி ரோபோ ஆகியவற்றில் இருக்கும் 3 முதல் 12 வோல்ட் வரையிலான பிரஷ் மோட்டார்களுக்கான (சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரம் கொடுக்கும் சிறு துண்டுகள்தான் பிரஷ்) செய்முறை இது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார்களுக்கு இது போதாது. அவற்றைத் திறக்க வேண்டாம்.

படி 1: ஓட்டும் முன் அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து மோட்டாரின் இரு முனைகளிலும் தொடுங்கள். தண்டை விரலால் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் எண் ஏறி இறங்கும். கிடைப்பதில் குறைவான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் எண் வராவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

இந்த எண் ஏன் முக்கியம்? சுருளின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் கொடுத்துத் தண்டைச் சுழல விடாமல் பிடித்தால் 3 ஆம்பியர் பாயும், 9 வாட் முழுவதும் அந்தச் சின்னக் கூட்டுக்குள் சூடாக மாறும். சுழலும்போது அப்படி இல்லை. காந்தப் புலத்தில் சுற்றும் சுருள் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் மின்னோட்டம் பல மடங்கு குறைந்துவிடும். ஆக, வேகமாக ஓடும் மோட்டாரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சிக்கிக்கொண்டு உறுமும் மோட்டார்தான் ஆபத்து. செம்புக் கம்பியின் இனாமல் பூச்சு கருகும், பின்புற பிளாஸ்டிக் மூடி இளகும். சக்கரம் சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், அப்புறம் என்ன சிக்கியது என்று பாருங்கள்.

படி 2: அசையாமல் பொருத்துங்கள்

மேசையில் சும்மா வைத்து ஓட்டினால், கிளம்பும் வேகத்தில் மோட்டார் உருண்டு ஓடும். கிளாம்பில் பிடியுங்கள், ஆனால் கூடு நசுங்கும்படி இறுக்காதீர்கள். நீள முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறி இறக்கை மாட்டுவதாக இருந்தால் கண்ணாடி அணியுங்கள். முதல் ஓட்டம் இறக்கை இல்லாமலே இருக்கட்டும்.

படி 3: கம்பிகளைச் சேருங்கள்

முனைகளைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். சால்டரிங் இரும்பை அங்கே அழுத்தி வைத்தால் முனை சரிந்து பிரஷ் இடம் மாறிவிடும். கம்பிக்கு முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடியில் ஒட்டி எடுத்துவிடுங்கள். இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றையும் ஒட்டினால் பிரஷ் பொறியால் வரும் இரைச்சல் குறையும்.

படி 4: சரியான வழியில் மின்சாரம்

ரோபோவை இயக்கப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் பின்னில் மோட்டாரை நேரடியாக மாட்டவே கூடாது. அந்தப் பின்னின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. நடுவில் டிரான்சிஸ்டரோ, மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் டிரைவர் சிப்போ வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க, வோல்ட்டை நீங்கள் குறித்துவைத்த ஓமால் வகுத்துப் பாருங்கள்; மோட்டார் சிக்கினால் பாயும் ஆம்பியர் அதுதான். பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் எல்293டி சிப், ஒரு சேனலுக்கு (ஒரு வெளியீட்டுக்கு) 0.6 ஆம்பியர் மட்டுமே தொடர்ந்து தாங்கும். நம் 3 ஆம்பியர் கணக்குக்கு அது ஆகாது.

ஒரே திசையில் ஓட்டுவதானால் மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் போடுங்கள். கோடு இருக்கும் பக்கம் பாசிட்டிவ். மின்சாரம் நின்ற கணத்தில் சுருள் வீசும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தாக்காமல் இது காக்கும். லித்தியம் பேட்டரி என்றால் பியூஸும் சேருங்கள். கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் எகிறும் என்பதால் மெதுவாக உருகும் வகையே சரி.

படி 5: ஓட்டுங்கள்

பாதி வோல்ட்டில் தொடங்கி ஏற்றுங்கள். கருகல் வாடை வந்தாலோ, கூட்டில் விரல் வைக்க முடியாதபடி சுட்டாலோ நிறுத்திவிடுங்கள்.

எடுத்து வைக்கும்போது

திருகாணி டப்பாவில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும், அது இடைவெளியில் சிக்கித் தண்டை உரசும். ஒவ்வொன்றையும் தனி ஜிப் பையில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாள் கழித்து எடுக்கும்போது தண்டு கையில் இறுக்கமாகத் திரும்பினால், அது வெளியே வரும் இடத்தில் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு (பிரஷ் உரசும் செம்பு வளையத்துக்கு) போய், பிரஷ் தூளோடு கலந்து பசையாகிவிடும்.