ஹாக்கி ஒளிபரப்பு உரிமை கைமாறும் செய்தியைப் படிப்பது எப்படி?

வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல். தன் ஒளிபரப்பு உரிமையைப் புதிதாக விற்கும்போதெல்லாம் செய்திகளில் முதலில் கண்ணில் படுவது தொகைதான். ரசிகருக்கு அந்தத் தொகை அதிகம் சொல்லாது. எந்த அலைவரிசை தளரும், பழகிய வர்ணனையாளரின் குரல் நீடிக்குமா என்று அறிய விரும்புபவர், விற்கப்பட்டது எந்த உரிமை, வர்ணனையாளருக்குச் சம்பளம் தருபவர் யார் என்ற இரண்டு கேள்விகளோடு செய்தியை அணுக வேண்டும்.

முதலில், கைமாறுவது தேசிய உரிமையா, வட்டார உரிமையா என்று பாருங்கள். தேசிய உரிமையை லீக் விற்கிறது. எஞ்சிய ஆட்டங்களைத் தன் பகுதியில் ஒளிபரப்பும் உரிமையை அந்தந்த அணி விற்கிறது. 2013 நவம்பரில் கனடிய ஊடக நிறுவனமான ராஜர்ஸ் கனடாவின் தேசிய உரிமையை 12 ஆண்டுகளுக்கு 520 கோடி கனடிய டாலருக்கு வாங்கியபோது, டி.எஸ்.என். என்ற விளையாட்டு அலைவரிசை தேசிய ஆட்டங்களை இழந்தது. ஆனால் வட்டார ஒப்பந்தங்கள் கையில் இருந்ததால், அதன் திரையிலிருந்து என்.எச்.எல். மறைந்துவிடவில்லை.

அடுத்து, துணை உரிமம், அதாவது உரிமையை வாங்கியவர் அதில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது, ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். அதே ராஜர்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யில் சனிக்கிழமை இரவு 'ஹாக்கி நைட் இன் கனடா' தொடர்ந்து வந்தது. வீட்டில் பார்த்தவர்களுக்கு எதுவும் மாறாதது போலவே இருந்திருக்கும். உள்ளே விளம்பர வருவாயும் உள்ளடக்கம் பற்றிய இறுதி முடிவும் ராஜர்ஸிடம் சென்றுவிட்டன. 2014 ஏப்ரலில் சி.பி.சி. 657 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, ஹாக்கி உரிமையை இழந்ததும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. நெடுங்காலம் நிகழ்ச்சியை நடத்திய ரான் மெக்லீனின் இருக்கை அவ்வாண்டு ஜார்ஜ் ஸ்ட்ரம்பலாபலஸுக்குப் போய், 2016இல் மீண்டும் மெக்லீனிடமே வந்தது. ஆகவே, அலைவரிசையின் பெயரை மட்டும் பார்க்காமல், விளம்பரப் பணம் யாரிடம் சேர்கிறது என்று பாருங்கள். ஆட்களை மாற்றும் அதிகாரமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இனி வர்ணனையாளருக்கு வருவோம். அலைவரிசையின் ஊழியராக இருப்பவருக்கே உரிமை மாற்றத்தால் ஆபத்து அதிகம். 2021இல் அமெரிக்கத் தேசிய உரிமை என்.பி.சி.யிடமிருந்து ஈ.எஸ்.பி.என்., டர்னர் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்குச் சென்றபோது, என்.பி.சி. வர்ணனையாளர்களான கென்னி ஆல்பர்ட்டும் எடி ஓல்சிக்கும் டர்னரின் டி.என்.டி.க்குப் புதிதாகச் செல்ல வேண்டியிருந்தது. அணியிடம் சம்பளம் பெறுபவரோ அலைவரிசை மூடப்பட்டாலும் மைக்கின் முன் நீடிக்க முடியும். 2023இல் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணியின் ஆட்டங்கள் கட்டணத் தொலைக்காட்சியிலிருந்து ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தின் இலவச ஒளிபரப்புக்கு மாறியபோது, அணியின் வர்ணனையாளர்கள் டேவ் கௌச்சர், ஷேன் ஹ்னைடி இருவரின் குரல்களும் ஆட்டங்களோடு கூடவே சென்றன. எனினும் அணியின் வேலை நிரந்தரப் பாதுகாப்பு அல்ல. பின்னர் கரோலினாவுக்குக் குடிபெயர்ந்த அணி ஹார்ட்ஃபோர்டில் இருந்த காலத்திலிருந்தே அதற்கு வர்ணித்த ஜான் ஃபோர்ஸ்லண்டை, 2020இல் ஒப்பந்தம் முடிந்தபோது கரோலினா தக்கவைத்துக்கொள்ளவில்லை. பின்னர் சியாட்டில் அணியின் குரலான அவரையே, 2024இல் கனடாவின் திங்கட்கிழமை ஆட்டங்களை ராஜர்ஸிடமிருந்து துணை உரிமமாகப் பெற்ற அமேசானும் அமர்த்திக்கொண்டது. சொந்த வர்ணனைக் குழு இல்லாத புதிய நிறுவனம் நுழைகிறது என்றால், ஏற்கெனவே ஏதோ ஓர் அணிக்கு வர்ணிப்பவர்களையே அது தேடும் என்று எதிர்பார்க்கலாம்.

பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் விதியையும் மறக்க வேண்டாம்: அமெரிக்காவில் முதல் சுற்றுக்குப் பிறகு ஆட்டங்கள் தேசிய உரிமையாளருக்கே உரியவை என்பதால், பருவம் முழுதும் கேட்ட உள்ளூர்க் குரல் தொலைக்காட்சியில் அதன்பின் ஒலிக்காது. அதைப் பணிநீக்கம் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் பருவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜர்ஸ் 2025 ஏப்ரலில் 1,100 கோடி கனடிய டாலருக்குச் செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் 2037-38 வரை நீடிக்கும். அமெரிக்க ஒப்பந்தங்களோ 2027-28 பருவத்தோடு முடிகின்றன. 2021இல் உரிமை அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை ஆண்டுதான் இருந்தது. வர்ணனையாளர் நியமனங்களின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் நடந்தது. அடுத்த மாற்றத்திலும் கவனிக்க வேண்டிய மாதங்கள் அவையே.