பெஞ்ச் பிரஸ்ஸில் ஐந்து கிலோ கூடியது நிஜமா? வலிமைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (உதைக்கும் கால்பந்து அல்ல, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் ஆட்டம்) சீசன் இல்லாத மாதங்களில் வலிமைச் சோதனை நடக்கும். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடைதான் வழக்கமான அளவுகோல். பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியான பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) போன முறை 140 கிலோ, இந்த முறை 145 என்றதும் கைதட்டல். அந்த ஐந்து கிலோ தசையில் கூடியதா, சோதனை நடந்த விதத்தால் கூடியதா என்று கேட்பவர்கள் குறைவு.

கடைசி முயற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பார் நெஞ்சில் பட்டுத் துள்ளி எழுகிறது, பாதியில் திணறுகிறது. பாதுகாப்புக்காகத் தலைமாட்டில் நிற்கும் ஸ்பாட்டர் இரண்டே விரலை பாரில் வைத்துவிட்டு, “முழுக்க உன் பலம்தான்!” என்று கத்துகிறார். அந்த இரண்டு விரல் எத்தனை கிலோ என்பது யாருக்கும் தெரியாது. பார் தொடப்பட்டால் அந்த முயற்சி செல்லாது, அவ்வளவுதான். போன முறை நெஞ்சில் ஒரு நொடி நிறுத்தித் தூக்கச் சொல்லியிருந்தால், இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. ஸ்குவாட்டிலும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) இதே கதை: தொடை தரைக்கு இணையாக வர நாலு விரல் இருக்கும்போதே எழுந்தால் எடை கூடத்தான் செய்யும்.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் சோதனையை அடிப்படையாக வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. இரண்டாம் முறை எண் ஏறுவதில் பாதி, அசைவு பழகியதால்கூட இருக்கலாம். ஒரு முறை காலை ஆறு மணிக்கும் அடுத்த முறை மாலையிலும் வைப்பதும் சரியில்லை. பொதுவாக மாலையில் உடம்பு கூடுதல் வலிமை காட்டும்.

என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) தேர்வு முகாமில் 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். 20 முறை தூக்கியவரின் அதிகபட்சம் 170 கிலோ என்று, தூக்கிய எண்ணிக்கையிலிருந்து அதிகபட்சத்தைக் கணிக்கும் எப்லி சூத்திரம் சொல்லும். ஆனால் பத்து முறைக்கு மேல் போனால் வலிமையோடு தாக்குப்பிடிக்கும் திறனும் கலந்துவிடுகிறது. அந்த 170-ஐ நிஜமாகத் தூக்கிய 170 போல நடத்தக் கூடாது.

சோதிப்பவர் கையில் பிடித்து, தள்ளும் விசையை அளக்கும் டைனமோமீட்டரில் சிக்கல் வேறு மாதிரி. 130 கிலோ லைன்மேன் (முன்வரிசையில் மோதும் பாரிய ஆட்டக்காரர்) காலை நீட்டித் தள்ளும்போது, கருவியைப் பிடித்திருப்பவரின் கைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அப்போது பதிவாவது சோதிப்பவரின் வலிமை. கருவியை பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் கணக்கில் சறுக்குவது உண்டு. இரண்டு சோதனைக்கும் ஒட்டுறவு (இரண்டு பட்டியலும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.98 வந்துவிட்டது, நம்பலாம் என்பார்கள். அணி முழுக்க ஐந்து கிலோ கூடியிருந்தாலும் ஒட்டுறவு குறையாது. போதாததற்கு, பந்தை உதைக்க மட்டும் வரும் கிக்கரையும் லைன்மேனையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலையளவு. சோதனையின் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

கிலோவில் பிழையைக் கேளுங்கள். பயிற்சியால் வலிமை மாற நேரமில்லாதபடி, ஒரே வாரத்தில் இரண்டு முறை சோதித்து, ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து, அவற்றின் திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 1.41 ஆல் வகுத்தால் அளவீட்டுப் பிழை கிடைக்கும். அது 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் நிஜமான மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல அதைப்போல 2.77 மடங்கு வேண்டும்: சுமார் 8.3 கிலோ. 140-லிருந்து 145-க்கு வந்தவரை இன்னும் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, அதே நேரத்தில், அதே ஸ்பாட்டரோடு மறுபடி தூக்கச் சொல்லலாம்.