மேட்டுப்பாளையம்: ஊட்டி அவசரத்தில் செய்யும் தவறுகள்

மேட்டுப்பாளையத்தை ஊட்டிக்கு வண்டி மாறும் இடமாக மட்டும் நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சமவெளி ரயில் 1873-லேயே இங்கே வந்துவிட்டது. குன்னூர் வரை மலை ரயில் ஓட 1899 ஆனது, உதகைக்குப் போக 1908. இடைப்பட்ட காலத்தில் நீலகிரிக்குப் போன ஆளும் சரக்கும் இங்கே இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும்தான் மலையேறினார்கள். இன்றும் நீலகிரி உருளைக்கிழங்கு இந்த ஊர் மண்டிகளுக்குத்தான் வருகிறது. அரை நாள் ஒதுக்கிப் பாருங்கள்.

மலை ரயிலுக்கு அன்றைக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். காலையில் ஒரே வண்டி, முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் குன்னூரில் ஏறி உதகை போய், மலை ரயிலைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறார்கள். பாதையின் உயிரே மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளி ஏற்றுகிறது. ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏற்றம்! 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உதகை வரை 46 கிலோமீட்டர்தான் என்றாலும் ஐந்து மணி நேரம் வரை ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் வண்டி ரத்தாவதும் உண்டு. அன்று மாலையே வேறு ரயிலைப் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது பவானி ஆறு. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று குழந்தைகளோடு இறங்கிவிடுகிறார்கள். மேலே பில்லூர் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் திறந்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு மளமளவென்று ஏறிவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். எங்கே குளிக்கலாம் என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

காரில் மலையேறுவதாக இருந்தால், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மேலே கொண்டுபோகக் கூடாது. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கல்லாரைத் தாண்டும்போது யானை நின்றால் படம் எடுக்க இறங்காதீர்கள், ஹாரனும் வேண்டாம். அது யானைகளின் வழித்தடம். தள்ளி நிறுத்தி, அது சாலையைக் கடந்த பிறகு கிளம்புங்கள்.