கேமனா, எம்2-வா? ஜெர்மனிக்குப் புதிதாக வரும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு

ஜெர்மனியில் வேலை நிலைத்து, கையிலிருக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபையோ போலோவையோ கொடுத்துவிட்டு நல்ல ஸ்போர்ட்ஸ் காருக்குப் போக நினைக்கும்போது பெரும்பாலும் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்து நிற்கும். ஒன்று போர்ஷே 718 கேமன் ஜி.டி.எஸ். 4.0, மற்றது பி.எம்.டபிள்யூ. எம்2. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு இதுதான் ஒரே கார் என்றால் எம்2 வாங்குங்கள். வேறொரு கார் இருக்கிறது, இதை வெயில் மாதங்களில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கேமன், அதுவும் மேனுவல் கியர் வண்டி. ஆனால் எந்தக் கார் என்ற கேள்விக்கு முன்னால் லைசென்ஸும் இன்சூரன்ஸும் இருக்கின்றன. அவற்றின் பாதி வேலை ஊரிலேயே தொடங்க வேண்டியது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதற்குப்பின் ஜெர்மன் லைசென்ஸாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் ஆகவேண்டும். இத்தனை வகுப்பு போகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் ஓட்டும் தேர்வுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் மூலமாகவே போக முடியும். கண் பரிசோதனைச் சான்றும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. எல்.எல்.ஆர். இங்கே செல்லாது என்பதால், புதுச்சேரியிலோ கடலூரிலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முழு லைசென்ஸ் வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள். ஜெர்மனியில் குடியேறியபின் விடுமுறையில் ஊருக்குப் போய் எடுத்துவரும் புது லைசென்ஸையும் இங்கே ஏற்க மாட்டார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பத்தினர் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தால் ஜெர்மனியில் வசிக்க விசா வேண்டாம், உண்மைதான். லைசென்ஸ் விஷயத்தில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, லைசென்ஸ் எந்த நாட்டில் எடுத்தது என்றுதான் பார்ப்பார்கள். பாரிஸில் எடுத்த லைசென்ஸ் அப்படியே செல்லும். புதுச்சேரியில் எடுத்ததற்கு மேலே சொன்ன 6 மாதக் கணக்குதான்.

ஓட்டும் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. சுலபம் என்று ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால், லைசென்ஸில் 78 என்ற குறியீடு ஏறிவிடக்கூடும். அது இருந்தால் மேனுவல் கியர் காரை ஓட்டக்கூடாது. மேனுவல் கேமன் மீது ஆசை இருந்தால் தேர்வையும் மேனுவல் காரிலேயே கொடுங்கள். ஊரில் மேனுவல் ஓட்டிப் பழகிய கைக்கு அது கடினமில்லை. அங்கே நடைமுறையில் இல்லாத ஒன்றைத்தான் பழக வேண்டியிருக்கும்: பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முதல் வழி. குடியிருப்புத் தெருக்களில், முக்கியமாக 30 கி.மீ. வேக வரம்புள்ள பகுதிகளில், இதைக் கவனிக்காதவர் தேர்வில் தோற்றுப்போவார்.

ஊரில் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிவந்தவர்கள், நோ கிளெய்ம் போனஸ் சான்றை ஆங்கிலத்தில், எத்தனை ஆண்டு என்று தெளிவாக எழுதி வாங்கி வாருங்கள். ஜெர்மன் நிறுவனங்கள் இந்தியச் சான்றை ஏற்பது அரிது. கேட்டுப் பார்ப்பதற்குக் காகிதமாவது கையில் இருக்கட்டும்.

இரண்டு கார்களும்

கேமன் ஜி.டி.எஸ். 4.0 வந்தது 2020-இல். டர்போ இல்லாத 3995 சி.சி. ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பது), இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. 400 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தி, மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. நிமிடத்துக்கு 7800 சுற்று வரை போகும். எடை மேனுவலில் 1405 கிலோ. இப்போது இதைப் பழையதாக மட்டுமே வாங்க முடியும். கார்களின் இணையப் பாதுகாப்புக்கான புது விதியால் 2024 நடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் விற்பனை நின்றது. அதனால் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு விலை இறங்காமல் நிற்கிறது.

எம்2-வின் இப்போதைய தலைமுறை 2023-இல் வந்தது. முன்னால் 2993 சி.சி. நேர்வரிசை ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. முதலில் 460 பி.எஸ்., 2024 திருத்தத்தில் 480. திருப்புவிசை 550 நியூட்டன் மீட்டர், திருத்திய ஆட்டோமேட்டிக்கில் 600. நான்கு இருக்கை, 390 லிட்டர் டிக்கி. எடை 1700 கிலோ. கேமனைவிட 300 கிலோ கூடுதல் என்பதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் டயர், பிரேக் பில் வரும்போது அது தெரியும்.

காகிதத்தில் எம்2 வேகமான கார் போலத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு வேகத்தில் இல்லை, சக்தி எங்கே கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. எம்2-வில் 2700 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். ஊருக்குள்ளும் மலைச்சாலையிலும் கியரைத் தொடாமலே முந்தலாம். கேமனுக்குச் சக்தி 5000-க்கு மேல்தான் பொங்கும். அதன் மேனுவல் கியர்கள் நீளமானவை, இரண்டாம் கியரிலேயே 120 கி.மீ.-ஐத் தாண்டும். ஊருக்கு வெளியே செல்லும் ஜெர்மன் கிராமச் சாலைகளில் பொதுவான வரம்பு 100 கி.மீ. ஆக, அந்த எஞ்சினின் உச்சக் குரலை அங்கே சட்டத்துக்குள் கேட்க முதல் கியர் மட்டும்தான் கிடைக்கும். இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஆனாலும் கைக்கும் சாலைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததுபோல் திரும்பும் கார் வேண்டுமென்றால் இந்த இரண்டில் கேமன்தான். எஞ்சின் நடுவில் இருப்பதால் வளைவில் அது திரும்புவதை எம்2 எந்த மென்பொருளாலும் எட்டிப்பிடிக்க முடியாது.

அகலத்தையும் பாருங்கள். ஆட்டோபானில், அதாவது இங்குள்ள அதிவேக நெடுஞ்சாலையில், வேலை நடக்கும் இடங்களில் இடது தடத்துக்கு 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர் அகல வரம்புப் பலகை இருக்கும். கணக்கில் பக்கக் கண்ணாடிகளும் சேரும், ஆனால் ஆர்.சி.-யில் கண்ணாடி இல்லாத அகலம்தான் எழுதியிருக்கும். கேமன் கண்ணாடியோடு 1994 மில்லிமீட்டர், மயிரிழையில் உள்ளே. எம்2 இரண்டு மீட்டரைத் தாண்டும், 2 மீட்டர்ப் பலகை கண்டால் வலது தடம்தான். ஜி.டி.எஸ். கேமன் 20 மில்லிமீட்டர் தாழ்த்திய சஸ்பென்ஷனோடு வருவது. உங்கள் அடுக்ககத்தின் நிலவறைக் கராஜில் சரிவு செங்குத்தாக இருந்தால், வாங்குமுன் அதே காரை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

இரண்டுக்கும் பரிந்துரை 98 ஆக்டேன், இங்கே சூப்பர் பிளஸ் என்று கேளுங்கள். கடலூரிலிருந்து முள்ளோடை எல்லை தாண்டி மலிவாகப் பெட்ரோல் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும்: ஆட்டோபான் ஓரத்துப் பங்க்குகளில் விலை அதிகம், வெளியேறி ஊருக்குள் போய்ப் போடுங்கள்.

பணம் எங்கே போகிறது

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே அங்குசம் இன்சூரன்ஸ்தான். ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்பது மூன்றாம் நபர் காப்பு, கட்டாயம். டைல்காஸ்கோ திருட்டு, தீ, ஆலங்கட்டி, மான் மோதல் போன்றவற்றுக்கு. ஃபோல்காஸ்கோ நீங்களே இடித்துக்கொண்டாலும் தரும். இந்த விலைக் காருக்கு ஃபோல்காஸ்கோ இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள். கடன் கொடுப்பவரும் அதைக் கேட்பார்.

பிரீமியத்தை முடிவுசெய்வது எஸ்.எஃப். கிளாஸ், அதாவது விபத்தில்லாமல் கழித்த ஆண்டுகள். புதிதாக வருபவர் அடிமட்டத்தில் தொடங்குகிறார். அதனால்தான் வந்த முதல் ஆண்டிலேயே இந்த வகைக் காருக்குத் தாவாதீர்கள் என்கிறோம். சாதாரணக் காரை உங்கள் பெயரில் இன்சூர் செய்து சில ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டினால், சேர்ந்த எஸ்.எஃப். கிளாஸ் அப்படியே அடுத்த காருக்கு மாறும். சேர்வது ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்டுக்கும் ஃபோல்காஸ்கோவுக்கும் தனித்தனியாக. முதல் காருக்கு ஃபோல்காஸ்கோ எடுக்காமல் விட்டவர் அந்தப் பகுதியில் என்ன கிளாஸ் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கட்டும். கம்பெனி கொடுத்த காரை ஓட்டிய ஆண்டுகள் பொதுவாக உங்கள் கணக்கில் ஏறாது.

வண்டியைப் பார்க்கப் போகுமுன்பே விற்பவரிடம் ஆர்.சி.-யின், இங்கே ஃபார்சொய்க்ஷைன், படம் கேளுங்கள். அதில் 2.1, 2.2 என்ற கட்டங்களில் உள்ள எண்களை இன்சூரன்ஸ் ஒப்பீட்டுத் தளத்தில் போட்டால் உங்கள் வயது, ஊர், எஸ்.எஃப். கிளாஸுக்கான உண்மையான பிரீமியம் வரும். அந்தத் தொகையைப் பார்த்தே பலர் காரை மாற்றிக்கொள்கிறார்கள்.

சாலை வரி இன்சூரன்ஸ் அளவுக்குப் பயமுறுத்தாது. பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 சி.சி.-க்கும் 2 யூரோ. 2021 முதல் புதிதாகப் பதிவான காருக்கு, கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குப் படிப்படியாக ஏறும் வரி சேரும்: முதல் 20 கிராமுக்கு தலா 2 யூரோ, அடுத்தடுத்த இருபதுகளுக்கு 2.20, 2.50, 2.90, 3.40, 195-க்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 யூரோ. ஆர்.சி.-யில் 230 கிராம் என்று உள்ள எம்2-வுக்கு 60 யூரோவும் 400 யூரோவுமாக ஆண்டுக்கு 460. 247 கிராம் என்று உள்ள கேமனுக்கு 80-உம் 468-உம் சேர்ந்து 548.

கேமனை இரண்டாவது காராக வைப்பவர்களுக்கு சீசன் நம்பர் பிளேட் உண்டு. 2 முதல் 11 மாதம் வரை தேர்ந்தெடுக்கலாம், வரியும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் தெருவோரம் நிறுத்தவும் கூடாது, சொந்த இடமோ வாடகைக் கராஜோ வேண்டும். எம்2-வை ஆண்டு முழுக்க ஓட்டினால் குளிர்கால டயர் ஒரு செட் தனியாக. பனியும் உறைபனியுமுள்ள சாலைக்கு மலையும் பனிச்செதிலும் பொறித்த டயர்தான் செல்லும். எம்+எஸ் என்று மட்டும் போட்ட டயர் 2024 அக்டோபரிலிருந்து ஏற்கப்படுவதில்லை. டயரின் வேக வரம்பு காரின் உச்ச வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்பை டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் வருவேன் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு காரிலும் ஆயில் பார்க்கும் குச்சி கிடையாது, அளவு திரையில்தான் வரும். கேமனில் எஞ்சினைக் கண்ணால் பார்க்கவே முடியாது. பின் டிக்கியில் ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றும் மூடிகள் மட்டுமே இருக்கும். லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பார்க்காமல் வாங்கக்கூடாது.

மேனுவல் கேமனில் கட்டாயம் கேட்க வேண்டியது ஓவர்ரெவ் அறிக்கை. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவதைப் போட்டுவிட்டால் சக்கரமே எஞ்சினை வரம்பு தாண்டிச் சுழற்றும். கட்டுப்பாட்டுக் கணினி அதை ஆறு நிலைகளாக, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் என்று பதிந்து வைக்கும். கீழ் நிலைகளில் எண்கள் இருப்பது வழக்கம். மேல் நிலைகளில், அதுவும் அண்மை மணிநேரத்தில் இருந்தால் விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். போர்ஷே சர்வீஸில் இதை எடுத்துத் தருவார்கள். முன் பம்பரின் இரு பக்கத் திறப்பிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சருகு உள்ளே தங்கி ஈரம் பிடித்து ஏ.சி. கண்டென்சரை அரித்துவிடும், இது போர்ஷேக்களில் பழைய வியாதி.

எம்2-வில் கேட்க வேண்டியது 2000 கி.மீ. முதல் சர்வீஸ் பதிவு. எஞ்சின் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் அதில் மாற்றப்பட வேண்டும். பதிவில்லாத வண்டி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். பின் டயர்கள் புதிது, முன் டயர்கள் தேய்ந்தது என்றால் முந்தையவர் எப்படி ஓட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி. டயர் பக்கச் சுவரில், கார் நிறுவனம் ஏற்ற டயர் என்பதன் அடையாளமாக, போர்ஷேவுக்கு ‘N’ எழுத்தும் எண்ணும், பி.எம்.டபிள்யூ.-வுக்கு நட்சத்திரமும் இருக்கிறதா என்று நான்கிலும் பாருங்கள். கார்பன் இருக்கை உள்ள எம்2 என்றால் ஐந்து முறையாவது ஏறி இறங்குங்கள். தொடைக்கு நடுவே எழும் மேடு எல்லோருக்கும் ஒத்துவராது.

டீலரிடம் வாங்கினால் சட்டப்படியான பொறுப்பு குறைந்தது 12 மாதம். அதற்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போது இல்லை என்று நிரூபிக்கவேண்டியவர் டீலர்தான். தனிநபர் விற்பனையில் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே விலக்கிவிடலாம், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். புதிதாக வந்தவர், மொழி முழுக்கக் கைவராதவர், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது டீலரிடம் வாங்குவதே நல்லது.

கடன் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. வசிப்பு அனுமதி முடியும் தேதிக்குள் தவணை முடியவேண்டும் என்று பல வங்கிகள் பார்க்கும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஷூஃபா கடன் பதிவு அவருக்கும் வெறுமையாகத்தான் தொடங்கும்.

ஊருக்கு எடுத்துப்போக முடியுமா

முடியாது. இந்தியாவுக்கு இறக்குமதியாகும் பழைய கார் வலப்பக்க ஸ்டீயரிங் உள்ளதாக, தயாரித்து 3 ஆண்டுக்கு மேற்படாததாக இருக்கவேண்டும், மும்பை துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். ஜெர்மனியில் வாங்கும் கார் இடப்பக்க ஸ்டீயரிங் என்பதால் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடும். ‘பி.ஒய். நம்பர் போட்டுவிடலாம், வரி குறைவு’ என்று ஊரில் யாராவது சொன்னால், அது இந்தியாவில் வாங்கும் காருக்கான பேச்சு, அதிலும் புதுச்சேரியில் உண்மையிலேயே வசிப்பவருக்கானது. போலி முகவரியில் அங்கே பதிந்த கேரளக் கார்களின் மீது 2017-இல் வழக்குகள் வந்தன. இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர் வாங்குவதை விட்டு லீஸ் எடுக்கட்டும்.

ஆட்டோபானில் வேக வரம்பில்லாத இடங்களிலும் 130 கி.மீ. பரிந்துரை வேகம். அதற்கு மேல் போகும்போது விபத்து நேர்ந்தால், தவறு மற்றவருடையது என்றாலும் இழப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். 2017 முதல் தனியாளாக ஓட்டினாலும், மிக அதிக வேகத்தை எட்டுவதற்காகவே பொறுப்பின்றி விரட்டினால் அது பந்தயக் குற்றம். காரைப் பறிமுதல் செய்யலாம், தண்டனை வசிப்பு அனுமதியையும் தொடக்கூடும்.

பழைய காரை டீலரிடமே கொடுத்து மாற்றுவதானால், அதன் விலையைப் புதுக் காரின் தள்ளுபடியோடு கலந்து பேச விடாதீர்கள். இரண்டையும் தனித்தனித் தொகையாக எழுதி வாங்குங்கள். பதிவு செய்யப் போகும்போது ஃபார்சொய்க்ஷைன், உரிமைப் பத்திரமான ஃபார்சொய்க்பிரீஃப், காப்பு உண்டு என்பதற்கு இன்சூரன்ஸ் தரும் இ.வி.பி. எண், செல்லுபடியாகும் டூஃப் (வாகனத் தகுதிப் பரிசோதனை) அறிக்கை, பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, வரி பிடிக்க வங்கிக் கணக்கு அனுமதிப் படிவம் எல்லாம் கையில் இருக்கட்டும். உரிமைப் பத்திரம் வங்கியிடம் இருந்தால், அதைப் பதிவு அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பச் சொல்லி ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.