வலை போட்டாலும் பீலியை மறக்காதீர்கள்

கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்திச் செல்லும் பீலிக்கு மேல் வலை மாட்டிவிட்டால் இனி ஏணியே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. பெரிய இலைகளை வலை தடுக்கும். பூந்தூள், பொடி மண், ஓட்டிலிருந்து உதிரும் துகள் எல்லாம் உள்ளே இறங்கி, சேறாகப் படியும். வலையின் மேலேயே இலை மெத்தைபோல் படர்ந்துவிட்டால், மழைநீர் உள்ளே போகாமல் வழிந்து சுவரோரம் கொட்டும். அஸ்திவாரத்துக்குக் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

வருடத்துக்கு 2 முறையாவது பாருங்கள்: இலையுதிர்ந்து முடிந்ததும் ஒன்று, மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்று. பக்கத்தில் மரம் இருந்தால் இன்னும் அடிக்கடி. வலைமேல் கிடக்கும் குப்பையை மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, ஓரிரு இடங்களில் வலையைக் கழற்றி உள்ளே பாருங்கள். குப்பையைக் கையால் அள்ளிய பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். முதலிலேயே பீய்ச்சினால் அத்தனையும் இறங்குகுழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விடும்போது எங்காவது தேங்கி நிற்கிறதா என்று கவனியுங்கள். 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் போதும். தேங்கினால் கொசு வரும், தகரம் துருப்பிடிக்கும். பெரும்பாலும் பீலியைத் தாங்கும் ஒரு கொக்கி தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும்.

பனி உறையும் ஊர்களில் குளிருக்கு முன் சுத்தம் செய்வது கட்டாயம். உறைந்த நீரின் கனத்தில் பீலியே பிய்ந்து வரும்.

ஏணியைப் பீலியின்மேல் சாய்க்காதீர்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறவே வேண்டாம்.