ஐபி முகவரியைச் சரிபார்க்கும் சர்வர் நிரல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபி முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்றதும் பலரும் எழுதுவது ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரம்): ஒன்று முதல் மூன்று இலக்கங்கள், ஒரு புள்ளி, இப்படி நான்கு முறை. அது 999.999.999.999 என்பதையும் உள்ளே விட்டுவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 255 வரை வரம்பு போட்டாலும் ஓட்டை அடைபடாது. தொடக்கத்தையும் முடிவையும் குறிக்காமல் விட்டால், 1.2.3.456 என்பதற்குள் 1.2.3.45 கிடைத்தது என்று ‘சரி’ சொல்லிவிடும். பைத்தானில் முடிவைக் குறிக்க டாலர் குறி போட்டால், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புதுவரிக் குறியும் தப்பிவிடும். அதே பைத்தானில் ‘இலக்கம்’ என்றால் யூனிகோடில் உள்ள எல்லா மொழி இலக்கங்களும்தான், ௧௨௭.௦.௦.௧ என்று தமிழ் எண்களில் அனுப்பினாலும் ஏற்கும், எண்ணாக மாற்றினால் 127 என்றே வரும். இத்தனையும் ஐபிவி4-க்கு, அதாவது புள்ளியிட்ட நான்கு எண் முகவரிக்கு மட்டும். இரட்டை முக்காற்புள்ளியால் பூஜ்யங்களைச் சுருக்கும் நீண்ட முகவரியான ஐபிவி6-க்குச் சொந்தமாக ரெஜெக்ஸ் எழுதவே எழுதாதீர்கள்.

மொழியோடு வரும் பார்சரையே (எழுத்தைப் படித்து முகவரி மதிப்பாக மாற்றும் நிரலையே) பயன்படுத்துங்கள். பைத்தானில் ஐபிஅட்ரஸ் மாட்யூல், பிஎச்பியில் ஃபில்டர்_வார், நோடில் நெட் மாட்யூலின் இஸ்ஐபி, கோ மொழியில் நெட்ஐபி பேக்கேஜ். ஜாவாவில் மட்டும் கவனம்: இநெட்அட்ரஸ் கிளாஸின் கெட்பைநேம், கொடுத்தது முகவரியாக இல்லாவிட்டால் அதை ஹோஸ்ட் பெயராக (சர்வரின் பெயராக) எண்ணி, பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸ்ஸில் தேடப் போய்விடும். பயனர் தட்டிய எதற்கும் உங்கள் சர்வர் டிஎன்எஸ் கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கும். பிஎச்பியின் ஐபி2லாங், 0.0.0.0-க்கு 0 தரும். அதை வெறும் இஃப் வைத்துச் சோதித்தால், 0 ‘பொய்’ என்று கொள்ளப்பட்டு, செல்லுபடியாகும் முகவரி தவறு என்றாகிவிடும்.

உண்மையான ஆபத்து, ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு இடங்கள் இரண்டு விதமாகப் படிக்கும்போது வருகிறது. 012.0.0.1 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள பூஜ்யத்தைப் பொருட்படுத்தாத பார்சருக்கு அது 12.0.0.1, ஒரு பொது முகவரி. சி மொழியின் பழைய ஐநெட்_ஏடுஎன் அதையே எட்டடிமான எண்ணாகப் படித்து 10.0.0.1 என்று கொள்ளும். சோதனை முதலாமவரிடம், இணைப்பு இரண்டாமவரிடம் என்றால் உங்கள் உள் நெட்வொர்க் திறந்துகிடக்கிறது என்று பொருள். பைத்தானின் மாட்யூலிலேயே இந்தக் குறை இருந்து, 2021-இல் 3.9.5 பதிப்பில் முன்பூஜ்யத்தை மறுக்கும்படி திருத்தினார்கள். சி மொழியின் அந்தப் பழைய ஐநெட்_ஏடுஎன் 127.1, 2130706433 இரண்டையும்கூட 127.0.0.1 என்றே ஏற்கும். ஆகவே பார்ஸ் செய்தபின் மூல ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போடுங்கள். ஒப்பிடுவது, பதிவு செய்வது, இணைப்பது எல்லாம் பார்ஸ் செய்து கிடைத்த மதிப்பை வைத்தே நடக்கட்டும்.

பயனர் கொடுத்த முகவரிக்கு உங்கள் சர்வர் போய்த் தரவு எடுக்குமானால், வடிவம் சரியாக இருப்பது மட்டும் போதாது. ‘10’ என்று தொடங்கினால் தனியார் முகவரி (உள் நெட்வொர்க்கில் மட்டும் புழங்குவது) என்று ஸ்ட்ரிங்கை வைத்துப் பார்ப்பவர்கள் 104.16.0.1-ஐயும் தடுத்துவிடுகிறார்கள். 172 என்று தொடங்கும் எல்லாமும் தனியார் அல்ல, 172.16 முதல் 172.31 வரைதான். 10.0.0.0/8 (சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண், முகவரியின் முதல் எத்தனை பிட்டுகள் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லும்), 192.168.0.0/16 இரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் 127.0.0.0/8, 100.64.0.0/10, 0.0.0.0, ஐபிவி6-இன் ::1 ஆகியவற்றையும் தடுக்க வேண்டும். 169.254.0.0/16 மறக்கவே கூடாதது. கிளவுட் மெஷின்களின் ரகசியச் சாவிகளைத் தரும் மெட்டாடேட்டா சேவை 169.254.169.254-இல்தான் இருக்கிறது. ஐபிவி6-க்குள் பொதிந்து வரும் ஐபிவி4 முகவரியைப் பிரித்து எடுத்த பிறகே இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இல்லையேல் 127.0.0.1 வேறு உடையில் உள்ளே வந்துவிடும்.

ஹோஸ்ட் பெயராக இருந்தால், டிஎன்எஸ்ஸில் கிடைத்த எல்லா முகவரிகளையும் சோதித்து, சோதித்த அதே முகவரிக்கே இணையுங்கள். பெயரை மறுபடி எச்டிடிபி லைப்ரரியிடம் கொடுத்தால் அது இன்னொரு முறை தேடும். அதற்குள் பதில் மாறியிருக்கலாம். ரீடைரக்ட் (வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் பதில்) வந்தால் இதே சோதனை மீண்டும் வேண்டும்.

வருபவரின் முகவரியை அறிய, கோரிக்கையோடு வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரின் இடதுகோடி மதிப்பை எடுப்பது மிகவும் பரவலான தவறு. அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்; பிராக்ஸிகள் (இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் சர்வர்கள்) தாம் பார்த்த முகவரியை வலப்பக்கம்தான் சேர்க்கின்றன. எனவே நேரடியாக இணைந்திருப்பது உங்கள் பிராக்ஸிதானா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் வலமிருந்து இடமாக வந்து, உங்கள் பிராக்ஸிகளைத் தாண்டியதும் கிடைக்கும் முதல் முகவரியை எடுங்கள். நேரடி இணைப்பு வேறு யாரிடமிருந்தாவது வந்தால் ஹெடரைத் தொடவே வேண்டாம். சில பிராக்ஸிகள் 203.0.113.7:51234 என்று போர்ட்டையும் சேர்த்து அனுப்பும். அதைக் கழற்றிவிட்டே பார்ஸ் செய்ய வேண்டும்.

டேட்டாபேஸில் 15 எழுத்து மட்டும் கொள்ளும் நெடுவரிசை வைத்திருந்தால் ஐபிவி6 அதில் அடங்காது. முழு வடிவம் 39 எழுத்து, ஐபிவி4 பொதிந்த வடிவம் 45 வரை போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஐநெட் வகை இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் 16 பைட் பைனரி போதும். எழுத்தாகவே வைத்தால் ::1, 0:0:0:0:0:0:0:1 இரண்டும் இரு வேறு ஆட்களாகத் தெரியும், தடைப்பட்டியல் பொய்த்துப்போகும். ஐபிவி6-இல் ஒரே வாடிக்கையாளரிடம் /64 முழுவதும் இருப்பது வழக்கம் என்பதால், கோரிக்கை எண்ணிக்கைக்கு வரம்பு போடும்போது தனி முகவரியை எண்ணாமல் முதல் 64 பிட்டுகளை எண்ணுங்கள்.